கடைமடைக்கு இரத்தம் சேருகிறதா?

வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்பதும், கடைமடை வயலுக்குத் தண்ணீர் சேர்ந்தது என்பதும் ஒன்றல்ல. பயிர்த்தொழில் செய்யும் நம் அங்கத்தினர்களுக்கு இதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்காலின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து வரைபடம் எழுதலாம். அவ்வரைபடம் பிழையற்றதாகவும் இருக்கலாம். ஆயினும் கடைசி வயல் நனைந்ததா, காய்ந்ததா என்பதை அது சொல்லாது. மனித உடலைப் பற்றியும் இதே கேள்வி எழுகிறது. எக்ஸ்ரே படம் எலும்பின் வடிவத்தைக் காட்டுகிறது. ஆஞ்சியோகிராம் இரத்தக் குழாயின் உள்வடிவத்தைக் காட்டுகிறது. அக்குழாய் முடியும் இடத்திலுள்ள சதைக்கு இரத்தம் உண்மையில் போய்ச் சேருகிறதா என்று அறிய வேறொரு வழி வேண்டியிருந்தது. அவ்வழியே அணு மருத்துவத்தைச் சேர்ந்த இரத்தப் பாய்வுப் படம். ஆஸ்பத்திரிகளில் இதனைப் 'பெர்ஃப்யூஷன் ஸ்கேன்' என்பார்கள். இருதயத்துக்கு எடுப்பதைப் பழைய வழக்கத்தில் 'தாலியம் டெஸ்ட்' என்போரும் உண்டு.

'அணு' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் இந்தச் சோதனையே வேண்டாம் என்று திரும்பி வருவோர் உளர். அறிக்கையில் 'குறை' என்று எழுதியிருப்பதைக் கண்டதும் நிலத்தை அடமானம் வைக்க ஓடுவோரும் உளர். இவ்விரண்டு அச்சங்களுக்கும் உரிய அளவு எது என்பதை அறிய, சோதனை எங்ஙனம் நடைபெறுகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும்.

முறையின் அடிப்படை எளியது. இரத்தத்தோடு கலந்து ஓடக்கூடியதும், போய்ச் சேர்ந்த இடத்திலேயே தங்கிவிடக்கூடியதுமான ஒரு மருந்தை எடுத்துக்கொள்கிறார்கள். அதனோடு மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளை இணைத்து, ஊசி வழியாகக் கையிலுள்ள இரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். இரத்தம் மிகுதியாகச் சென்ற இடத்தில் மருந்தும் மிகுதியாகத் தங்கும். செல்லாத இடத்தில் தங்காது. தங்கிய இடங்களிலிருந்து புறப்படும் காமாக் கதிர்களை வெளியே நிற்கும் ஒரு கருவி வாங்கிப் படமாக்குகிறது. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைத்தால், முடிச்சுக்குள் சாயம் நுழைவதில்லை. அவிழ்த்துப் பார்த்தால் அவ்விடம் வெள்ளையாக நிற்கும். இரத்தம் நுழையாத இடமும் இப்படத்தில் அவ்வாறே வெறுமையாக நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். எக்ஸ்ரே இயந்திரம் கதிர்களை உடலுக்குள் அனுப்புகிறது. காமாக் கருவியோ எதையும் அனுப்புவதில்லை. உடலிலிருந்து வருவதை வாங்கிக்கொள்வது மட்டுமே அதன் வேலை. சில ஆஸ்பத்திரிகளில் இக்கருவியோடு சி.டி. இயந்திரமும் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அந்தச் சி.டி. பகுதி எக்ஸ்ரே இனத்தைச் சேர்ந்தது.

கதிரியக்கப் பொருளை அடையாளமாகக் கலந்து, அது போகும் வழியைப் பின்தொடரலாம் என்ற எண்ணம் முதலில் பயன்பட்டது மனிதனிடத்தில் அல்ல, செடியிடத்தில் என்பது நம் விவசாய அங்கத்தினர்களுக்கு மகிழ்ச்சி தரும். ஹங்கேரி நாட்டில் பிறந்த ஜார்ஜ் டி ஹெவேசி என்ற விஞ்ஞானி 1923ஆம் ஆண்டில் கதிரியக்க ஈயம் கலந்த நீரை அவரை வகைச் செடிகளுக்கு ஊட்டி, வேரிலிருந்து தண்டுக்கும் இலைக்கும் அது எவ்வளவு செல்கிறது என்று அளந்தார். இந்த அடையாள முறைக்காக இரசாயனத்துக்குரிய 1943ஆம் ஆண்டு நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஹெர்மன் புளும்கார்ட் 1920களின் நடுவில் ஒரு கையில் கதிரியக்கக் கரைசலைச் செலுத்தி, மறு கைக்கு அது வந்து சேர எத்தனை வினாடி ஆகிறது என்று கணக்கிட்டார். மனித இரத்த ஓட்டத்தைக் கதிரியக்கத்தால் அளந்த முதல் முயற்சி அதுவே.

இன்று மிகுதியாக உபயோகமாகும் பொருள் டெக்னீஷியம்-99எம் என்பது. டெக்னீஷியம் என்ற தனிமத்தை 1937இல் இத்தாலியில் பலெர்மோ நகரத்தில் பெரியரும் எமிலியோ செக்ரேயும் கண்டறிந்தனர். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் அது. பெயரும் 'செயற்கை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. அதன் 99எம் வகை 6 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மீதியிருக்கும். உடலுக்கு இது நன்மை. ஆனால் சரக்கை வாங்கி வைக்க நினைக்கும் ஆஸ்பத்திரிக்குச் சங்கடம். இச்சங்கடத்தைத் தீர்த்தவர்கள் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தார். டெக்னீஷியத்தை நேராக அனுப்பாமல், அதை ஈன்றுகொண்டே இருக்கும் மாலிப்டினம்-99 என்ற பொருளை ஈயக் கூட்டில் அடைத்து அனுப்பும் ஏற்பாட்டை 1950களின் இறுதியில் அவர்கள் செய்தார்கள். கூட்டுக்குள் உப்பு நீரைச் செலுத்தினால் அன்று சுரந்த டெக்னீஷியம் மட்டும் கரைந்து வெளிவரும். ஒரு நாள் விட்டால் மீண்டும் சுரந்து நிற்கும். இதனை அத்துறையார் 'பசு' என்றும், மருந்து எடுப்பதைக் 'கறத்தல்' என்றும் சொல்வது வேடிக்கையன்று. அதுவே அவர்களது அன்றாடப் பேச்சு.

இந்தப் பசுவுக்கும் ஆயுள் சிறிது. மாலிப்டினம் 66 மணி நேரத்தில் பாதியாகிறது. ஏழாம் நாளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே மிஞ்சும். பூட்டிய அறைக்குள் இருந்தபடியே இவ்வாறு தேயும் சரக்கை எந்த இருப்புப் புத்தகத்தில் எப்படி எழுதுவது என்று தணிக்கை செய்யும் நமக்குச் சிறிது திகைப்பாகத்தான் இருக்கிறது. திகைப்பு ஒருபுறமிருக்க, இதில் ஒரு பெரிய தொல்லையும் உண்டு. உலகத்துக்கு வேண்டிய மாலிப்டினத்தில் பெரும்பகுதியை விரல்விட்டு எண்ணக்கூடிய சில அணு உலைகளே அளித்து வருகின்றன. அவற்றுள் பல 1960களில் எழுந்தவை. கனடாவின் சாக் ரிவர் உலை 2009 மே மாதத்தில் கசிவினால் நின்று, 2010 ஆகஸ்டு வரை இயங்காதிருந்தது. அதே சமயத்தில் ஹாலந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்க்க நிறுத்தப்பட்டது. பல நாடுகளில் நோயாளிகளின் சோதனைகள் தள்ளிப்போயின. சேமித்து வைக்க இயலாத பண்டத்துக்கு ஓரிரண்டு உற்பத்தியாளர்களையே நம்பியிருப்பதன் கேட்டை அப்போது எல்லாரும் உணர்ந்தார்கள். சாக் ரிவர் உலை 2018இல் நிரந்தரமாக மூடப்பட்டது.

கருவியைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெர்க்லியில் ஹால் ஆங்கர் என்பவர் 1957இல் அமைத்த காமாக் கருவியே இன்றைய கருவிகளுக்கு மூலம். துளைகள் நிறைந்த ஈயத் தகடு ஒன்று சல்லடைபோல் முன்னே நிற்கிறது. நேராக வரும் கதிர் மட்டும் துளை வழியே நுழைந்து படிகத்தில் பட்டு ஒளிப்பொறியை எழுப்புகிறது. அப்பொறிகளை எண்ணி இடம் குறித்தால் படமாகும். கருவி நோயாளியைச் சுற்றி மெல்ல நகர்ந்து பல பக்கங்களிலிருந்து எடுப்பதைக் கணிப்பொறி சேர்த்து, உறுப்பைத் துண்டு துண்டாக அரிந்து காட்டுவதுபோல் காட்டுகிறது.

இனி இருதயத்துக்கு வருவோம். இருதயம் தன் அறைகளில் நிறைந்து நிற்கும் இரத்தத்திலிருந்து தன் சதைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதில்லை. அதற்கென்று கரோனரிக் குழாய்கள் என்ற தனி வாய்க்கால்கள் அமைந்திருக்கின்றன. ஓய்ந்திருக்கும்போதே இருதயச் சதை தனக்கு வரும் இரத்தத்திலுள்ள பிராணவாயுவில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஆகையால் மாடி ஏறும்போதும், மூட்டை தூக்கும்போதும், மிகுதியான பிராணவாயு பெற அதற்கு ஒரே வழிதான் உண்டு: மிகுதியான இரத்தத்தை வரவழைப்பது. நல்ல நிலையிலுள்ள குழாய்கள் விரிந்து கொடுத்து, ஓய்வு நேரத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு இரத்தத்தை அனுப்ப வல்லவை.

குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து குறுகினால் என்ன ஆகும்? லான்ஸ் கோல்டு என்ற அமெரிக்க மருத்துவரும் அவரது துணைவர்களும் நாய்களிடத்தில் இதை ஆராய்ந்து 1974இல் வெளியிட்டார்கள். குழாயின் விட்டம் பாதியளவு குறுகும்போதே, மிகுதியான இரத்தத்தை அனுப்பும் திறன் குன்றத் தொடங்குகிறது. ஆனால் ஓய்வு நேரத்துக்குரிய ஓட்டமோ, ஏறக்குறைய நூற்றுக்கு 85 பங்கு குறுகும் வரையில் குன்றுவதில்லை. நாற்று நடும் காலத்தில் எல்லா வயலும் ஒருங்கே தண்ணீர் கேட்கும்போதுதான் தூர்ந்துபோன கிளை வாய்க்கால் எது என்பது தெரியும். மற்ற நாட்களில் அதிலும் தண்ணீர் ஓடிக்கொண்டுதானிருக்கும். உட்கார்ந்திருக்கையில் நலமாயிருப்பவர் நான்கு படி ஏறியதும் மார்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுவே.

ஆகவே இருதயச் சோதனை இரண்டு முறை நடைபெறுகிறது. ஒரு முறை ஓய்வில். மற்றொரு முறை, ஓடும் பட்டையின்மீது நோயாளியை நடக்கவிட்டு, இருதயம் மும்முரமாக வேலை செய்யும் வேளையில். நடக்க இயலாதவர்களுக்குக் கரோனரிக் குழாய்களை விரியச் செய்யும் அடினோசின் போன்ற மருந்தைச் செலுத்துகிறார்கள். உழைப்பின் உச்சத்தில் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டால், படத்தைச் சற்றுத் தாழ்த்தி எடுத்தாலும் தவறில்லை. இன்று மிகுதியாக வழங்கும் செஸ்டமிபி என்னும் மருந்து சதையின் உயிரணுக்களுக்குள் புகுந்து அங்கேயே நின்றுவிடுகிறது. 1970களில் வந்த தாலியம்-201 அப்படி நிற்பதில்லை. சில மணி நேரத்தில் இடம் மாறிப் பரவும். அதனாலேயே ஓர் ஊசியில் இரண்டு படம் எடுப்பது அதன் வழக்கம்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில்தான் சோதனையின் உயிர் இருக்கிறது. உழைப்பின்போது வெறுமையாகத் தெரிந்த இடம் ஓய்வில் நிறைந்து தெரிந்தால், அதை மீளும் குறை என்கிறோம். அங்குள்ள சதை உயிரோடிருக்கிறது. குழாய் குறுகியிருப்பதால் வேண்டிய காலத்தில் பட்டினி கிடக்கிறது. இரண்டிலும் வெறுமையாகவே நின்றால் அது மீளாக் குறை. முன்னர் நேர்ந்த மாரடைப்பினால் சதை இறந்து தழும்பாகிவிட்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். பெரும்பாலும் என்று எழுதினோம். ஏனெனில் நெடுநாள் பட்டினியால் வேலையை நிறுத்திவிட்டு உறங்கிக் கிடக்கும் சதையும் இப்படித் தோன்றுவதுண்டு. அதைப் பிரித்தறிய 'பெட்' முதலிய வேறு சோதனைகள் உள்ளன. இந்த வேற்றுமை ஏட்டளவில் நிற்பதன்று. இறந்த சதைக்கு வாய்க்கால் வெட்டிப் பயனில்லை. உயிரோடிருக்கும் சதைக்கு வெட்டினால் பலன் இருக்கலாம்.

'இருக்கலாம்' என்ற சொல்லையும் அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டும். உழைப்புச் சோதனைகளில் மிதமான அல்லது கடுமையான குறை கண்ட 5,179 பேரைக்கொண்டு பல நாடுகளில் நடத்திய 'இஸ்கீமியா' என்ற பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2020இல் வெளிவந்தது. ஒரு பாதியினரை உடனே ஆஞ்சியோகிராம் செய்து, ஸ்டெண்ட் அல்லது பைபாஸ் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். மறுபாதியினரை மருந்துகளில் வைத்துக் கவனித்து, தேவைப்பட்டால் மட்டும் அனுப்பினார்கள். சராசரி மூன்றாண்டுக்கு மேல் பார்த்ததில், மாரடைப்பும் மரணமும் முதல் பாதியினரிடத்தில் குறைந்ததாகக் காணவில்லை. மார்வலி அடிக்கடி வந்தோருக்கு அவ்வலி குறைந்தது என்பது உண்மை. இடப்புறத்து முதன்மைக் குழாயே அடைபட்டோரையும், இருதயம் மிகப் பலவீனப்பட்டோரையும் அவ்வாராய்ச்சியில் சேர்க்கவில்லை. அன்னோர் நிலை வேறு. எனவே படத்தில் குறை தெரிந்த அன்றைக்கே கடன் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டுமென்பதில்லை. குறை எவ்வளவு பரந்தது, மருந்தினால் வலி அடங்குகிறதா என்று மருத்துவரைக் கேட்க நேரம் உண்டு. ஆனால் ஓய்ந்திருக்கும்போதே மார்பை அழுத்தும் வலியும் வியர்வையும் வந்தால், அது இச்சோதனைக்குரிய வேளையன்று. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டிய வேளை.

படம் குறையில்லாமல் வந்தால் அது பெரிய ஆறுதல். அத்தகையோருக்கு அடுத்த ஓராண்டில் மாரடைப்போ இருதய மரணமோ நேர்வது பொதுவாக நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. நீரிழிவுடையோருக்குச் சற்றுக் கூடுதல். ஆயினும் சோதனைக்கு ஓர் இயற்கையான குருட்டுத்தனம் உண்டு. அது ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு ஒப்பிட்டே சொல்கிறது. மூன்று முதன்மைக் குழாய்களும் ஒரே அளவில் குறுகியிருந்தால் ஒப்பிட நல்ல பகுதி இல்லாமற் போகும். நூல் முழுவதும் ஒரே சீராக வெளிறியிருந்தால், மாதிரித் துண்டு கையில் இல்லாதவன் அதை வெளிறியதென்று எங்ஙனம் சொல்வான்? ஓட்டத்தை மில்லிலிட்டர் கணக்கிலேயே அளக்கவல்ல 'பெட்' முறை இக்குறையை நீக்குகிறது. பெண்களின் மார்பகமும், ஆண்களின் உதரவிதானமும் கதிர்களைச் சிறிது மறைத்து, இல்லாத குறையை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. தேர்ந்த மருத்துவர் இதை மனத்திற்கொண்டே படத்தை வாசிப்பார்.

நுரையீரல் சோதனையில் உபாயம் வேறு. இங்கே மருந்து உயிரணுக்களுக்குள் புகுவதில்லை, குழாயில் சிக்கிக்கொள்கிறது. இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதத்தை, மயிரிழையின் தடிப்புக்கும் பெரும்பாலும் குறைந்த சிறு துணுக்குகளாகத் திரட்டி, டெக்னீஷியம் ஏற்றிச் செலுத்துகிறார்கள். நுண் குழாய்களைவிடத் துணுக்குகள் பெரியவை. ஆகவே நுரையீரலில் இரத்தம் சென்ற இடமெல்லாம் சென்று சிக்கி நிற்கும். குழாயை அடைப்பதா என்று அஞ்சவேண்டாம். சில இலட்சம் துணுக்குகளே செல்கின்றன. ஆயிரத்தில் ஒரு சிறு குழாய்கூட அடைபடுவதில்லை. சில மணி நேரத்தில் அவை சிதைந்து கரைந்துவிடும்.

நெடுநாள் படுக்கையில் கிடந்தோருக்கும், பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோருக்கும், பிரசவித்த தாய்மாருக்கும் காலின் உட்குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகி, அக்கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று அடைப்பதுண்டு. திடீரென்று மூச்சு வாங்கும், உயிருக்கே ஆபத்தாகும். இதைக் கண்டறிய மருத்துவர்கள் இரத்தப் பாய்வோடு காற்றோட்டத்தையும் படமெடுக்கிறார்கள். அதற்காகக் கதிரியக்கமுள்ள வாயுவையோ நுண் தூவலையோ மூச்சில் இழுக்கச் செய்கிறார்கள். காற்று செல்கிறது, இரத்தம் மட்டும் செல்லவில்லை என்றால் குழாயில் கட்டி அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டும் செல்லவில்லை என்றால் பெரும்பாலும் சளிக் காய்ச்சலோ மூச்சுக் குழல் நோயோ காரணம். காற்று வராத பகுதிக்கு இரத்தத்தை அனுப்பி வீணாக்காமல் நுரையீரல் தானே குழாயைச் சுருக்கிக்கொள்கிறது. பயிரில்லாத வயலின் மடையை அடைக்கும் நீர்க்கட்டியின் விவேகம் அதற்கு இயற்கையிலேயே அமைந்திருக்கிறது.

இம்முறையின் வரம்பையும் சொல்லவேண்டும். 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், 'கட்டி இருப்பது மிகவும் சாத்தியம்' என்று படம் காட்டியவர்களில் நூற்றுக்கு 88 பேருக்கு உண்மையில் கட்டி இருந்தது. ஆனால் கட்டி இருந்த நோயாளிகளில் பாதிக்கும் குறைவானவர்களின் படமே அவ்வளவு தெளிவாக இருந்தது. எஞ்சிய படங்கள் இப்படியும் அப்படியுமாக நின்றன. சி.டி. ஆஞ்சியோகிராம் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இன்று முதலிடம் பெற்றிருப்பதற்கு இது ஒரு காரணம். ஆயினும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும், சி.டி. மருந்து ஒவ்வாதவர்களுக்கும் பாய்வுப் படமே ஏற்றது. கட்டி கரையாமல் தழும்பாகி நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறும் நோய் ஒன்று உண்டு. அதை ஐயுறும்போதும் முதலில் நாடப்படுவது இதுவே. அந்நோயைப் பலருக்கு அறுவையினால் குணப்படுத்தலாம் என்பதால், தவறவிடாமல் கண்டறிவது அவசியமாகிறது.

மூளைக்கு எடுக்கும் படத்தில் நம்மை வியக்கச் செய்வது ஒன்றே. எச்.எம்.பி.ஏ.ஓ. என்ற மருந்து இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைந்து, இரண்டொரு நிமிஷத்தில் அங்கேயே பூட்டுண்டு விடுகிறது. காக்காய் வலிப்பு நோயில் இதைப் பயன்படுத்துகிறார்கள். மருந்துகளுக்கு அடங்காத வலிப்புடையவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, ஊசியோடு ஒருவர் காத்திருக்கிறார். வலிப்புத் தொடங்கியவுடன் மருந்தைச் செலுத்துகிறார். வலிப்பு அடங்கி நோயாளி அமைதியடைந்த பின்னர், ஓரிரு மணி கழித்துப் படமெடுத்தாலும், அது காட்டுவது ஊசி ஏறிய அந்த நிமிஷத்து நிலையையே. வலிப்பின் ஊற்றுக்கண்ணுக்கு அப்போது இரத்தம் மிகுந்து பாய்ந்திருக்கும்; வேறொரு நாள் வலிப்பில்லாத வேளையில் எடுத்த படத்தை அதிலிருந்து கழித்தால் அவ்விடம் தனித்து நிற்கும். அறுவை செய்வோருக்கு இது வழிகாட்டி. மறதி நோய்களின் வகையைப் பிரித்தறியவும் மூளைப் படம் உதவும். ஆயினும் அத்துறையில் 'பெட்' முறை முந்திவிட்டது.

கதிரியக்கத்தின் அளவைப் பற்றி: மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் உணவிலிருந்தும் மனிதன் ஆண்டொன்றுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறான். நுரையீரல் பாய்வுப் படத்தில் பெறுவது ஏறக்குறைய 2. இருதயத்துக்கு டெக்னீஷியம் கொண்டு இருமுறை எடுத்தால் ஏறக்குறைய 10. இது ஒன்றுமில்லை என்றும் சொல்லோம். காரணமின்றி ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளத்தக்கதும் அன்று. நோயை ஐயுற்று மருத்துவர் கேட்கும்போது மறுக்கத்தக்க அளவும் அன்று. கர்ப்பிணிகளும், கர்ப்பமாயிருக்கலாம் என்று எண்ணுவோரும், குழந்தைக்குப் பால் கொடுப்போரும் ஊசிக்கு முன்னரே அதைச் சொல்லவேண்டும்.

இருதயச் சோதனைக்குப் போவோர் முந்திய 24 மணி நேரம் காப்பியும் தேநீரும் தொடாதிருப்பது நல்லது. அவற்றிலுள்ள காஃபீன், குழாயை விரிக்கும் மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். ஆஸ்துமா உடையவர்கள் அதைத் தவறாது தெரிவிக்கவேண்டும். அடினோசின் அவர்களுக்கு மூச்சிரைப்பை உண்டாக்கலாம் என்பதால் வேறு மருந்தைத் தருவார்கள். தினமும் உட்கொள்ளும் மாத்திரைகளில் எதை நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லவேண்டும்; தாமாக நிறுத்தலாகாது. முன்னர் எடுத்த படங்கள் இருப்பின் எடுத்துச் செல்க. குறித்த நாளில் போக இயலாவிடில் முன்நாளே சொல்லியனுப்புவது முறை. ஒருவர் பெயருக்கு அன்று காலை கறந்து அளந்து வைத்த மருந்து மறுநாளுக்கு ஆகாது.